சாலை விலகிப்போன விடுதிகள்

"அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பத்து நாட்கள் காரில் பயணம் செய்யத் திட்டமிட்டிருக்கிறோம். வழியில் கோமாளி பொம்மைகள் நிறைந்த ஒரு விடுதியும், கூம்பு வடிவக் குடிசைகளாலான ஒரு விடுதியும் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். இவற்றை ஏன் இப்படிக் கட்டினார்கள்? பேய் நடமாட்டம் உண்டு என்கிறார்களே, குழந்தைகளோடு தங்கலாமா?" என்பது கேள்வி.

தங்கலாம். ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பதும், ஏன் அச்சம் தருகின்றன என்பதும் இருவேறு கேள்விகளாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் விடை சாலையில்தான் இருக்கிறது. விரைந்து போகிறவரை நிறுத்துவதற்காகவே இந்த விசித்திரங்கள் கட்டப்பட்டன. பின்னாளில் சாலை வேறு பக்கம் போய்விட, யாரையோ கூவி அழைத்த கோலத்திலேயே அவை ஆளரவமற்ற வெளியில் தனித்து நின்றன. அந்தத் தனிமைதான் இன்று நமக்குத் திகிலாகத் தெரிகிறது என்பது என் துணிபு.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நம் ஊரில் மோட்டல் என்றால், தொலைதூர இரவுப் பேருந்தை நடுவழியில் நிறுத்தி, பயணிகள் தேநீர் குடித்துவிட்டு ஏறும் சாலையோர உணவகம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது காரில் வருபவர் இரவு தங்குவதற்கான விடுதி. 'மோட்டார் ஹோட்டல்' என்ற இரண்டு சொற்களும் ஒட்டிப் பிறந்த பெயர் அது. அந்தப் பெயரை முதலில் சூடியது, கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ ஊரில் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் 1925 டிசம்பரில் திறந்த 'மைல்ஸ்டோன் மோ-டெல்'. அக்காலக் கார்களில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போய்ச்சேர இரண்டு நாட்கள் ஆகும். இடையில் ஓர் இரவு எங்கேனும் தலை சாய்க்க வேண்டும். அந்த ஊர் ஏறத்தாழப் பாதி வழியில் இருந்தது. ஓர் இரவுக்கு ஒன்றேகால் டாலர் வாடகை.

அதற்கு முன் காரில் புறப்பட்டவர்கள் சாலையோரத்தில் கூடாரம் அடித்தார்கள். அல்லது நகராட்சிகள் ஒதுக்கிய முகாம்களில் தங்கினார்கள். பிறகு பண்ணை வீட்டார் தங்கள் நிலத்தின் ஓரமாகச் சிறு மரக் குடில்களைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். நகரத்துக்குள் நல்ல ஹோட்டல்கள் இல்லாமலில்லை. ஆனால் புழுதி படிந்த உடையோடும் அழுகிற குழந்தையோடும் பளிங்குத் தரை போட்ட வரவேற்பறையைக் கடந்து போகப் பலருக்குக் கூச்சமாக இருந்தது. காரை அறை வாசலிலேயே நிறுத்திவிட்டு, யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்பதுதான் மோட்டல் தந்த பெரிய விடுதலை.

அந்த விடுதலைக்குள்ளேயே அச்சத்தின் விதையும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஹோட்டலில் உங்கள் அறைக்கும் தெருவுக்கும் நடுவே வாயிற்காவலர், வரவேற்பாளர், மாடிப்படி, நீண்ட நடைவழி எனப் பல அடுக்குகள் இருக்கின்றன. மோட்டலில் கதவைத் திறந்தால் நேரே வண்டி நிறுத்துமிடம், அதற்கப்பால் சாலை, அதற்கப்பால் இருட்டு. நள்ளிரவில் வந்து திரும்பும் ஒரு காரின் முகப்பு விளக்கு உங்கள் திரைச்சீலையை ஒரு முறை துடைத்துவிட்டுப் போகும். பக்கத்து அறையில் இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் யார் என்று அவருக்கும் தெரியாது. விடிந்தால் இருவருமே அங்கே இருக்கமாட்டீர்கள். சாலையோர முகாம்கள் குற்றவாளிகளின் மறைவிடங்கள் என்று அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் தலைவர் எட்கர் ஹூவர் 1940-இல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதியபோது, மக்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்த இந்த ஐயத்துக்குத்தான் அரசு முத்திரை குத்தினார்.

இனி விசித்திரத்துக்கு வருவோம். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நூறு மீட்டரை ஆறே நொடிகளில் கடந்துவிடும். அந்த ஆறு நொடிக்குள் ஓட்டுநர் விடுதியைக் கண்டு, பிடித்துப்போய், வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும். பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமில்லை என்பதால் கட்டடமே பலகையாக வேண்டியிருந்தது. தேநீர்க் குடுவை வடிவத்தில் பெட்ரோல் நிலையம், தொப்பி வடிவத்தில் உணவகம் என 1920-களிலும் 30-களிலும் அமெரிக்கச் சாலையோரங்களில் முளைத்தவை எல்லாம் இந்தக் கணக்கின் விளைவுகள்தாம்.

விடுதிகளில் இந்தக் கணக்கை மிகச் சரியாகப் போட்டவர் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த பிராங்க் ரெட்ஃபோர்டு. அமெரிக்கத் தொல்குடிகளின் கைவினைப் பொருள்களைத் திரட்டிவைத்திருந்த அவர், 1930-களின் தொடக்கத்தில் ஹார்ஸ் கேவ் என்ற ஊரில் அவற்றைக் காட்சிக்கு வைக்கக் கூம்பு வடிவில் ஒரு கட்டடம் எழுப்பினார். பார்க்க வந்தவர்கள் தங்கவும் இடம் கேட்டதால், அதைச் சுற்றிச் சிறு கூம்புகளை அறைகளாகக் கட்டினார். 1936-இல் அந்த வடிவத்துக்குக் காப்புரிமையும் பெற்றார். 'விக்வாம் கிராமம்' என்ற பெயரில் மொத்தம் ஏழு விடுதிகள் எழுந்தன. கென்டக்கியில் இரண்டு, அலபாமா, ஃபுளோரிடா, லூசியானா, அரிசோனா, கலிபோர்னியா ஆகிய மாநிலங்களில் ஒவ்வொன்று. இன்று எஞ்சியிருப்பவை மூன்று: கென்டக்கியின் கேவ் சிட்டியில் 1937-இல் கட்டப்பட்ட இரண்டாம் கிராமம், அரிசோனாவின் ஹோல்புரூக்கில் 1950-இல் கட்டப்பட்ட ஆறாம் கிராமம், கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ரெட்ஃபோர்டே கட்டிய ஏழாம் கிராமம். நீங்கள் கேள்விப்பட்டது ஹோல்புரூக்கில் உள்ளதாகத்தான் இருக்கும், ஏனெனில் மேற்குப் பயணிகள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகிறார்கள்.

இந்த வடிவத்துக்கும் பெயருக்கும் இடையே உள்ள பிழையைச் சொல்லாமல் விட முடியாது. விக்வாம் என்பது வடகிழக்குக் காட்டுப் பகுதியில் வாழ்ந்த மக்கள் வளைகழிகளின் மேல் மரப்பட்டை போர்த்திக் கட்டிய, குவிமாடம் போன்ற வீடு. உயர்ந்த கூம்பாக நிற்பது டீப்பி. அது நடுச் சமவெளியில் எருமை மந்தைகளைத் தொடர்ந்து இடம்பெயர்ந்த மக்களின் தோல் கூடாரம். ஹோல்புரூக்கைச் சுற்றி வாழும் நவஹோ மக்களின் மரபு வீடோ ஹோகன் எனப்படும், மண் பூசிய மரக்கட்டை வீடு. டீப்பி என்ற சொல் ரெட்ஃபோர்டுக்குப் பிடிக்கவில்லை என்பதால், ஒரு மக்களின் வீட்டை இன்னொரு மக்களின் வீட்டுப் பெயரால் அழைத்து, இரண்டுக்கும் தொடர்பில்லாத மூன்றாம் மக்களின் நிலத்தில் சிமெண்டால் கட்டி வாடகைக்கு விட்டார்கள். எருமை மந்தைகள் அழிக்கப்பட்டு, அந்த மக்கள் ஒதுக்கிடங்களுக்குள் அடைக்கப்பட்டதை நேரில் கண்டவர்கள் இன்னும் உயிரோடிருந்த காலம் அது. குழந்தைகளோடு அங்கே போனால் இதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள் என்பது என் வேண்டுகோள். கூம்பின் அழகை ரசிப்பதற்கு இது தடையாகாது.

ஹோல்புரூக் விடுதியைக் கட்டியவர் செஸ்டர் லூயிஸ். கென்டக்கி விடுதியின் வடிவத்தைப் பார்த்து விரும்பி, ரெட்ஃபோர்டிடம் வரைபடத்தையும் பெயரையும் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றார். அதற்கு ஈடாக அவர் தந்தது விந்தையான ஒரு கட்டணம். ஒவ்வோர் அறையிலும் காசு போட்டால் பாடும் வானொலிப் பெட்டி ஒன்று வைக்கப்பட்டது; பத்து சென்ட் போட்டால் அரை மணி நேரம் பாடும்; அந்தக் காசுகள் அனைத்தும் ரெட்ஃபோர்டுக்குப் போய்ச்சேரும். சுமார் முப்பதடி உயரக் கூம்புகள் பதினைந்து அங்கே அரைச் சதுரமாக நிற்கின்றன. எண்கள் பதினாறு வரை போகும், பதின்மூன்று மட்டும் இருக்காது. ஒவ்வொரு கூம்பின் முன்னாலும் பழைய காலத்துக் கார் ஒன்று நிறுத்தப்பட்டிருப்பதைக் காணலாம். பகலில் அது வரலாற்றுக் காட்சி. இரவில், ஓட்டி வந்தவர் இல்லாத கார்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொரு கூம்பிலும் சின்ன சன்னல் ஒன்று மட்டும் மங்கலாக ஒளிரும்போது, அது வேறொரு காட்சியாகிவிடுகிறது.

அந்த விடுதி சிகாகோவையும் சாண்டா மோனிகாவையும் இணைத்த ரூட் 66 நெடுஞ்சாலையின் குழந்தை. 1926-இல் எண் பெற்ற அந்தச் சாலை ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர் நீளமுடையது. வழியிலிருந்த ஒவ்வொரு சிற்றூரின் கடைத்தெரு வழியாகவும் நுழைந்துதான் போனது. சாலையே ஊர்; ஊரே சாலை. 1956-இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களுக்கிடையேயான விரைவுச்சாலைகளை அமைக்க வழிசெய்தது. புறவழிச்சாலை வந்தபின் ஊருக்குள் இருந்த தேநீர்க்கடைக்கும் லாட்ஜுக்கும் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் பயணித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே அது ஒரு கண்டத்தின் அகலத்துக்கு நடந்தது. ஹோல்புரூக்கை விரைவுச்சாலை 40 விலக்கிச் சென்றபோது, 1974-இல் லூயிஸ் விடுதியை மூடினார். அவர் 1986-இல் இறந்த பிறகு, பிள்ளைகள் கூம்புகளைச் செப்பனிட்டு 1988-இல் மீண்டும் திறந்தார்கள். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளும் அந்தக் கூம்புகள் விருந்தினர் இல்லாமலே நின்றிருந்தன. ரூட் 66 என்ற எண்ணே 1985-இல் அரசு ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

விரைவுச்சாலையின் இறங்குவழிகளில் குடியேறியவை வேறு வகை விடுதிகள். மெம்பிஸ் நகரைச் சேர்ந்த கெமன்ஸ் வில்சன், குடும்பத்தோடு போன விடுமுறைப் பயணத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக்கட்டணம் கேட்ட விடுதிகளால் சினமுற்று, 1952-இல் முதல் ஹாலிடே இன்னைத் திறந்தார். எந்த ஊருக்குப் போனாலும் அதே கட்டில், அதே குளியலறை என்பதுதான் இத்தகைய விடுதிகளின் வாக்குறுதி. ஆச்சரியம் எதுவும் இல்லாததே சிறந்த ஆச்சரியம் என்று 1970-களில் அந்த நிறுவனம் விளம்பரமே செய்தது. களைத்த பயணிக்கு அது நியாயமான வாக்குறுதி, நானும் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த ஒரே மாதிரியான வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கூம்புகளும் கோமாளிகளும் விசித்திரங்களாகத் தெரியத் தொடங்கின. அதற்கு முன் அவை சாலையின் இயல்பான முகங்களாகவே இருந்தன. புதிய நெடுஞ்சாலை வந்தபின் ஆள்வரத்து நின்றுபோன ஒரு மோட்டலைக் களமாகக் கொண்டு 1960-இல் வெளிவந்த 'சைக்கோ' என்ற திகில் படம், இந்த இடங்களைப் பற்றிய அச்சத்தை உலகம் முழுவதும் கொண்டுசேர்த்துவிட்டது. சாலை விலகிப்போனதைக் கதையின் வேராக வைத்ததில்தான் அந்தப் படத்தின் கூர்மை இருக்கிறது.

நீங்கள் கேட்ட கோமாளி விடுதி நெவாடா மாநிலத்தின் டோனோபாவில் இருக்கிறது. லாஸ் வேகாஸுக்கும் ரெனோவுக்கும் ஏறத்தாழ நடுவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் அமைந்த பழைய வெள்ளிச் சுரங்க ஊர் அது. 1900-இல் ஜிம் பட்லர் என்பவரின் கழுதை ஓடிப்போனதாகவும், அதைத் தேடியபோது கையில் எடுத்த கல்லில் வெள்ளி இருந்ததாகவும் ஊரின் பிறப்புக்கதை சொல்லும். அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் அங்கே குவிந்தார்கள். வந்தவர்களில் பலர் நிமோனியாவாலும், சுரங்க விபத்தாலும், துப்பாக்கியாலும் இறந்தார்கள். 1901 முதல் 1911 வரை சுமார் 300 பேர் புதைக்கப்பட்ட பழைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அதை அடுத்தாற்போல்தான் கோமாளி விடுதி நிற்கிறது. அறையைவிட்டு வெளியே வந்து சில அடிகள் நடந்தால் கல்லறைகள்.

கோமாளி பொம்மைகள் சேர்த்துவைத்திருந்த தங்கள் தந்தையின் நினைவாக, அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தருகே லியோனா, லீராய் என்ற உடன்பிறப்புகள் 1985-இல் கட்டியதாக விடுதியின் வரலாறு கூறுகிறது. அவர் விட்டுச்சென்றவை சுமார் 150 பொம்மைகள். பிற்பாடு தங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தந்து தந்து, எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது. வரவேற்பறையில் ஆளுயரக் கோமாளி ஒன்று நாற்காலியில் அமர்ந்திருக்கும். அலமாரிகளில் பீங்கான், துணி, மரம் என எல்லா வகைக் கோமாளிகளும் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். அறைச் சுவர்களிலும் கோமாளிப் படங்கள். 2019-இல் கைமாறிய பிறகு, திகிலைத் தேடி வருபவர்களுக்காகவே சில அறைகள் அலங்கரிக்கப்பட்டன. இது எனக்கு அவ்வளவாக ஒப்புதலில்லை. ஒரு தந்தையின் நினைவாகப் பிள்ளைகள் வைத்த பொம்மைகளுக்கு இருந்த வலிமை, திட்டமிட்டு ஏற்றப்பட்ட சிவப்பு விளக்குக்கு இல்லை.

கோமாளிகளைக் கண்டு ஏன் அஞ்சுகிறோம் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. இல்லினாய் மாநிலத்தின் நாக்ஸ் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர் பிராங்க் மக்காண்ட்ரூ, சாரா கோன்கி என்பவரோடு சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளூர இனம்புரியாத கிலியை ஊட்டும் தொழில் எது என்று 1,300-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டபோது கோமாளித் தொழில்தான் முதலிடம் பெற்றது. ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எளிமையானது. எதிரில் நிற்பது ஆபத்து என்று உறுதியாகத் தெரிந்தால் நாம் ஓடிவிடுவோம். ஆபத்தில்லை என்று தெரிந்தால் சிரிப்போம். இரண்டில் எது என்று முடிவுசெய்ய முடியாத நிலையில்தான் மயிர்க்கூச்செறிகிறது. வரைந்த சிரிப்புக்குப் பின்னால் உள்ள முகம் எத்தகையது என்று நமக்குத் தெரிவதில்லை. நான் இந்த விளக்கத்தை விடுதிக்கும் பொருத்திப் பார்க்கிறேன். வெளிச்சம் எரிகிறது, ஆள் இல்லை. கார் நிற்கிறது, ஓட்டியவர் இல்லை. வரவேற்கும் பலகை மின்னுகிறது, சாலையில் எவரும் வரவில்லை. மனம் இரண்டுக்கும் நடுவில் தத்தளிக்கிறது.

கல்லறைத் தோட்டத்துக்குப் பகல் வெளிச்சத்தில் கட்டாயம் போய் வாருங்கள். 1911 பிப்ரவரி 23 அன்று டோனோபாவின் பெல்மான்ட் சுரங்கத்தில் பிடித்த தீயில் பதினேழு பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கேதான் உறங்குகிறார்கள். 'பிக் பில்' என்று ஊரார் அழைத்த வில்லியம் மர்ஃபி, புகை சூழ்ந்த சுரங்கத்துக்குள் மின்தூக்கியில் இறங்கிச் சிக்கியவர்களை மேலே கொண்டுவந்தார், மீண்டும் இறங்கினார், மூன்றாம் முறை இறங்கியவர் உயிரோடு திரும்பவில்லை. அந்தப் பெயரைக் கல்லறையில் படித்துவிட்டு விடுதிக்குத் திரும்பும்போது, பேயைப் பற்றி விளையாட்டாகப் பேச மனம் வராது. ஊரின் பெரிய பழைய ஹோட்டலான மிஸ்பாவில் சிவப்பு உடை அணிந்த பெண் ஒருத்தி ஐந்தாம் தளத்தில் நடமாடுவதாகவும், விருந்தினர் தலையணையில் முத்து ஒன்றை வைத்துவிட்டுப் போவதாகவும் ஒரு கதை உலவுகிறது. அதை ஊர்க்கதையாகவே கேட்டுக்கொள்ளலாம்.

பேயைப் பற்றி இவ்வளவு பேசும்போது, சாலையோர விடுதியின் உண்மையான அச்சத்தை அனுபவித்தவர்களைச் சொல்லாமல் போனால் இந்தப் பதில் முழுமையாகாது. அதே சாலைகளில் காரோட்டிய கறுப்பின மக்களுக்கு, இரவு எங்கே தங்குவது என்பது உயிர் பற்றிய கேள்வி. பல ஊர்களில் சூரியன் மறைந்தபின் அவர்கள் இருக்கவே கூடாது. காலி அறை இருக்கும், விளக்கு எரியும், உள்ளே இடம் கிடையாது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த அஞ்சல்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன், தம் மக்களை ஏற்கும் விடுதிகள், உணவகங்கள், பெட்ரோல் நிலையங்களின் பட்டியலை 1936 முதல் நூலாக வெளியிட்டார். 'கிரீன் புக்' என்ற அந்தக் கையேடு 1960-களின் நடுப்பகுதி வரை வந்தது. இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் 1964-இல் நிறைவேறிய உடனே, கறுப்பின விருந்தினரை ஏற்க மறுத்து வழக்காடியது அட்லாண்டாவின் ஒரு மோட்டல்தான். 'ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல்' என்ற பெயர் கொண்ட அந்த வழக்கில், மறுக்க உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரிலேயே தீர்ப்பளித்தது.

கிரீன் புக் பரிந்துரைத்த விடுதிகளில் ஒன்று மெம்பிஸ் நகரின் லொரைன் மோட்டல். 1945-இல் அதை வாங்கிய வால்டர் பெய்லி, தம் மனைவி லோரியின் பெயரை ஒட்டி அதற்குப் பெயரிட்டார். 1968 ஏப்ரல் 4 மாலையில், அதன் 306-ஆம் எண் அறைக்கு முன்னுள்ள மாடித் தாழ்வாரத்தில் நின்றபோது மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிரிலிருந்த இன்னொரு வாடகை விடுதியின் குளியலறைச் சன்னலிலிருந்துதான் குண்டு வந்தது. அன்று மாலையே பக்கவாதத்தில் சாய்ந்த லோரி பெய்லி, கிங்கின் இறுதிச்சடங்கு நடந்த நாளில் இறந்துபோனார். 1991 முதல் அந்த இடம் தேசியக் குடிமை உரிமைகள் அருங்காட்சியகம். நீலக் கதவுகளும் வண்ணப் பலகையும் அப்படியே இருக்கின்றன, கீழே அக்காலக் கார்கள் நிற்கின்றன, தாழ்வாரக் கம்பியில் மலர்வளையம் தொங்குகிறது, 306-ஆம் அறை அந்த மாலையில் இருந்தபடியே காக்கப்படுகிறது. உங்கள் பயணப் பாதையில் மெம்பிஸ் இல்லை என்றாலும், வேறொரு முறையாவது போகத்தக்க இடம். அங்கே நின்றால் ஏற்படும் நடுக்கத்துக்குக் கதை எதுவும் தேவைப்படாது.

நம் நாட்டுக்கும் இந்த விடுதிகளுக்கும் உள்ள உறவையும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் நெவாடாவிலோ அரிசோனாவிலோ ஏதேனும் ஒரு மோட்டலின் மணியை அடித்தால், கதவைத் திறப்பவர் குஜராத்தி பேசுபவராக இருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. விரைவுச்சாலை வந்தபின் வருமானம் சரிந்து, பழைய உரிமையாளர்கள் மலிவாக விற்ற மோட்டல்களை, 1970-களில் குஜராத்திலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்கள் வாங்கின. வரவேற்பறைக்குப் பின்னாலேயே குடியிருந்து, கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாகப் போர்வை மாற்றி, குழாய் பழுதுபார்த்து, கடன் அடைத்தார்கள். பக்கத்து விடுதிக்காரர்கள் சிலர், 'அமெரிக்கர் நடத்துவது' என்று பலகை வைத்து இவர்களிடமிருந்து விருந்தினரைத் திருப்பினார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் இவர்களை ஏற்கத் தயங்கின. அதை எதிர்கொள்ளவே சங்கம் அமைத்தார்கள். இன்று அந்நாட்டு விடுதிகளில் பெரும் பங்கு இந்திய வம்சாவளியினர் கையில் இருக்கிறது. சீரழிந்துகிடந்த சான் பெர்னார்டினோ கூம்பு விடுதியை 2003-இல் வாங்கி, அதன் பழைய தோற்றத்துக்கு மீட்டதும் ஓர் இந்திய வம்சாவளிக் குடும்பம்தான். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தால் கூடுதல் பணம் வந்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை என்பதை நான் மதிக்கிறேன்.

இனி நடைமுறை. குழந்தைகளோடு போவதால், தங்குவதற்கு ஹோல்புரூக்கையே முதலில் பரிந்துரைப்பேன். அறை சிறியது. சுவர் உள்நோக்கிச் சாய்வதால் உயரமானவர்கள் தலையில் இடித்துக்கொள்ளாமல் நடமாட வேண்டும். நாற்காலி, கட்டில் போன்றவை அந்தக் காலத்து ஹிக்கரி மரச் சாமான்கள். சரக்கு ரயில் பாதை அருகில் இருப்பதால் இரவில் பலமுறை சங்கு கேட்கும், தூக்கம் மெல்லியதாக இருந்தால் காதுக்குப் பஞ்சு கொண்டுபோவது நல்லது. கோடையில் அறைகள் விரைவாக நிரம்பிவிடும், முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

டோனோபாவைப் பொறுத்தவரை, பொம்மைகளைக் கண்டு மிரளும் வயதில் குழந்தை இருந்தால் வரவேற்பறையை மட்டும் பகலில் பார்த்துவிட்டு, ஊரின் வேறு விடுதியில் தங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் சாதாரண அறையொன்றைக் கேட்டு வாங்குங்கள். எங்கே தங்கினாலும், இருட்டியபின் ஊர் எல்லைக்கு வெளியே சற்று நேரம் காரை நிறுத்தி மேலே பாருங்கள், ஏனெனில் பெருநகர வெளிச்சம் எட்டாத அந்தப் பாலைவனத்தில் பால்வீதி வெறுங்கண்ணுக்கே தெளிவாகத் தெரியும். லாஸ் வேகாஸிலிருந்து வரும்போது பீட்டி என்ற சிற்றூரிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு நெடுந்தூரம் பாலைவனம். கைவிடப்பட்ட நாலடுக்கு ஹோட்டல் ஒன்று நடுத்தெருவில் நிற்கும் கோல்ட்ஃபீல்டு என்ற ஊர் டோனோபாவுக்கு முன்பே வரும், அங்கே கொஞ்சம் இறங்கி நடக்கலாம். பசிபிக் கடற்கரை வழியாகத் திரும்புவதாக இருந்தால், முதல் மோட்டல் பிறந்த சான் லூயிஸ் ஒபிஸ்போவில் 1958 முதல் இயங்கும் மடோனா இன் இருக்கிறது. நூற்றுப்பத்து அறைகளும் நூற்றுப்பத்து விதம். அவற்றில் ஒன்று முழுக்கப் பாறையால் குடைந்த குகை போன்றது. அங்கே அச்சம் துளியும் இல்லை, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

ஹோல்புரூக்கிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் கல்மரக் காடு என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு துண்டைக்கூட எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, குழந்தைகள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துப்போன பலர், அதன்பின் வீட்டில் நோயும் இழப்பும் வந்ததாகவும் மன்னிக்குமாறும் கடிதம் எழுதி, கல்லை அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரியாததால் அந்தக் கற்களைப் பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை. பூங்கா ஊழியர்கள் பயன்படுத்தும் ஒரு பாதையின் ஓரத்தில் அவற்றைக் குவித்துவைத்திருக்கிறார்கள். அதற்கு 'மனச்சாட்சிக் குவியல்' என்று பெயர்.